பெரிய ஒய், சின்ன என்

ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பனி இறங்கி
எதிர்க்கடைப் பலகையில் 'மிளகு' மட்டும் மிச்சம்.
மின்வாரிய வேலைக்கு இன்றோடு கடைசி.
கொட்டச்சேட்டிலிருந்து வந்த சேர்வராயன்
ஈரச் சட்டையோடு ஸ்டூலில்.
உங்கள் உலாவி மிகப் பழையது என்று
முகத்துக்கு நேரே சாத்திக்கொள்கிறது தளம்.

உலாவி.
பெயரைப் பார்.
எங்கும் போகாமல்
இந்த மேசையிலேயே கிழடு தட்டியது.

காப்பிக் கம்பெனி ஏலத்தில் எடுத்த பெட்டி இது.
ஜன்னல்காரன் கேட்ட காசு என்னிடம் இல்லை,
லினக்ஸ் போட்டேன்.
ஐகானைத் தேடினால் ஆடி அசைந்து வரும்,
கறுப்புத் திரையில் பெயர் சொன்னால்
கூப்பிட்ட குரலுக்கு வரும்.

வாய்விட்டுச் சொல்லியபடி தட்டுகிறேன்:
சூடோ ஆப்ட் இன்ஸ்டால்.
உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சேர்வராயன்,
"சூடா எதாச்சும் ஆப்ட்டா எனக்கும் குடுக்கா."

ஒரு எல் குறைந்துபோனது, ஏற்கவில்லை.
மறுபடி.
கடவுச்சொல் கேட்கிறது.
அடிக்க அடிக்க ஒன்றும் விழவில்லை திரையில்,
ஒரு புள்ளிகூட.
"கீபோர்டு செத்துருச்சாக்கா?"
இல்லடா, இது இப்படித்தான்.
எத்தனை எழுத்து என்பதைக்கூட
பக்கத்தில் இருப்பவனுக்குக் காட்டாது.
எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான்.

பிறகு பட்டியல்.
ஒன்றைக் கூப்பிட்டால் ஒன்பது வருகிறது.
எழுத்துருவுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று,
எதற்கென்றே தெரியாத பெயரில் நாலு.
இவ்வளவு இறக்க வேண்டும்,
இவ்வளவு இடம் அடைக்கும்,
தொடரவா?
பெரிய ஒய், சின்ன என்.

பெரிய எழுத்தில் இருப்பது
பேசாமல் என்டரைத் தட்டினாலும்
சொன்னதாக எடுத்துக்கொள்ளப்படும் பதில்.

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடம்.
பதினொரு பேர் என் முகத்தையே பார்த்தார்கள்.
காப்பித் தட்டை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன்,
அதற்குள் யாரோ சொன்னார்,
மௌனம் சம்மதம்.
அவனோடு கூடவே வந்தது
செவ்வாய்ப்பேட்டை மண்டி, அதன் கடன்,
மாமனாரின் சர்க்கரை வியாதி,
விடிகாலை ஐந்து மணி.
எவ்வளவு இடம் அடைக்கும் என்று
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒய் என்று அடித்தேன்.
தேவையில்லைதான்.
அடித்துவிட்டுத்தான் என்டர்.

பதினெட்டு சதவீதம். நாற்பத்தொன்று.
அங்கேயே நின்றது.
வளைவில் காட்டெருமை நின்றால்
பஸ் விளக்கை அணைத்துக் காத்திருக்குமே, அப்படி.
"சர்வர் தூங்குதுடா."
"அதான் சேர்வராயன் முழிச்சிருக்கேனேக்கா."
சிரித்து முடிப்பதற்குள் நாற்பத்திரண்டு.

புதியது வந்ததும் பழையதை எடுத்தேன்.
ரிமூவ் என்றால் ஆள் போவான், அவன் வைத்த அமைப்புகள் இருக்கும்.
பர்ஜ் என்றால் அதுவும் போகும்.
ஆனால் ஹோம் என்று ஒரு டைரக்டரி உண்டு,
அங்கே எழுதி வைத்ததை
பர்ஜும் தொடாது.
மலையேறி ஆறு வருஷம்.
இன்னும் ஐந்து மணிக்கு விழிப்பு.
யாருக்கோ சர்க்கரை குறைத்து
டீ ஆற்றுகிறது கை.

ஏழு ஐம்பதுக்குத் தளம் திறந்தது.
புகைப்படம் ஐம்பது கேபிக்குள் வேண்டுமாம்.
சேர்வராயன் ஐம்பத்திரண்டு.
"ரெண்டு கேபி மூக்குதான்கா, வெட்டிரு."

கீழே கடைசி பஸ் ஹாரன் அடித்தது,
இரண்டாம் முறையும் அடித்தது.
அவன் எழுந்திருக்கவில்லை.
படம் சுருக்கும் கருவி ஒன்றின் பெயரைத் தட்டி
ஒய் மேல் விரலை வைத்துக் காத்திருந்தேன்.
இந்த முறை கேட்கவேயில்லை,
வந்து உட்கார்ந்துகொண்டது.

வேறு யாரையும் கூட்டி வராமல்
தனியாக வருவதென்றால்
அது கேட்பதில்லை.