யாரும் எழுதாத வரிசை

அதிகாலை மூன்று பதினேழு.
தொலைபேசியில் தவுனோ
"கிழிந்தது, ராய்லி" என்கிறான்.
இரவுப் பணியில் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

லப்பேன்ராந்தா உறங்குகிறது, ஏரி உறைந்து கிடக்கிறது.
மைனஸ் இருபத்தாறில்
காரின் கண்ணாடியைச் சுரண்டுகிறேன்.
ஆலைக்குள் புழுக்கம், ஈரக் கூழின் வாடை.
ஒன்பது மீட்டர் அகலத் தாள்
நொடிக்கு இருபத்தெட்டு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது;
இப்போது உலர்த்தும் உருளைகளுக்கு அடியில்
கந்தலாய், குவியலாய், ஆவி விட்டபடி.
தவுனோவும் இன்னும் நால்வரும்
நீண்ட கொக்கிகளால் இழுத்துப் போடுகிறார்கள்.
என்னை யாரும் பார்க்கவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.

நிரலை எழுதியவள் நான்தான்,
இருபத்தோரு வருஷம் முன்பு,
ஒரே ஒரு கோர் இருந்த பெட்டிக்கு.
இருநூற்றுப் பன்னிரண்டு வேலைகள், ஒற்றைக் கதவு.
பெரியது முதலில் போகும், சின்னது ஒதுங்கி நிற்கும்.
இழுவிசை கணக்கிடுகிறவன் முடித்துவிட்டுப் போவான்,
உருளை வேகம் பார்க்கிறவன் அப்புறம்தான் வருவான்.
அப்படி வர வேண்டும் என்று
நான் எங்கும் எழுதவில்லை.
வந்தான்.
இருபத்தோரு வருஷம் தவறாமல் வந்தான்.

அந்தப் பெட்டியைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.
கடைசி உதிரி அட்டையை
மூடிப்போன ஏதோ ஆலையிலிருந்து வாங்கினோம்.
புதியதில் நான்கு கோர்.
"நான்கு மடங்கு" என்றார் விற்க வந்தவர்
நான்கு விரலைக் காட்டி.
நான்கு கதவு என்று அவர் சொல்லவில்லை.

இப்போது ஒருவன் எழுதிக்கொண்டிருக்கும்போதே
இன்னொருவன் படிக்கிறான்.
புது இழுவிசை, பழைய வேகம்.
தனித்தனியே இரண்டும் உண்மை.
சேர்ந்தால் பொய்.
அந்தப் பொய்யின் ஆயுள் மூன்று மைக்ரோநொடி.
சொடுக்க நினைத்த விரல்
அடுத்த விரலைத் தேடும் முன்பே
எல்லாம் முடிந்துவிடுகிறது.

பதினொரு நாளைக்கு ஒருமுறை வரும்.
பிடித்துவிடலாம் என்று
நடுவில் ஒரு வரி அச்சிட வைத்தேன்; வரவில்லை.
வரியை எடுத்தேன்.
வந்தது.

ஓஸ்கு பூட்டுப் போடலாம் என்றான்.
போட்டோம்.
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
ஒரு சில்லறை வேலை தூங்கிப்போனது.
அவசரக்காரன் வாசலிலேயே நின்றான்.
மறுபடி மூன்று மணி, மறுபடி தவுனோ.

ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காதாம்.
இவை இரண்டும்
ஒரே உறையில்தான் சண்டையின்றிக் கிடந்தன.
கடைசியில் நான் செய்தது அவ்வளவுதான்:
இருவரையும் ஒரே கோரில் கட்டிப்போட்டேன்,
அவர்களைத் தொட்ட அறுபது பேரையும் கூடவே.
மற்ற மூன்றில்
ஒன்று பதிவேடு எழுதுகிறது,
ஒன்று திரைக்கு வண்ணம் பூசுகிறது,
ஒன்று சும்மா இருக்கிறது.
"இந்தக் காலி இடத்துக்கா இவ்வளவு பணம்?"
என்கிறார் மேலாளர் ஹெல்வி, வரைபடத்தைத் தட்டி.

முப்பத்துநான்கு நாள்.
தொலைபேசி அடிக்கவில்லை.
மூன்று பதினேழுக்கு நானே விழித்துக்கொள்கிறேன்.
அறுபது பேரையும் ஒவ்வொருவராய் நிறுத்திப் பார்க்கிறேன்.
இவனுக்கு முன் யார், பின் யார்,
எழுதியிருக்கிறேனா,
அல்லது இதுவும்
இதுவரை நடந்ததால் மட்டும்
நடந்துகொண்டிருக்கிறதா.