நாலு விரல் தூரம்

அல்பேர்ட்டாவிலிருந்து பிரணவரூபனின் குரற்பதிவு,
இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.
"மச்சாள், நீங்கள் கண்ணாடிக்காரி.
துவக்குக்குப் பூட்டுற தூரக்கண்ணாடி ஒண்டு வேணும்.
சனிக்கிழமையில காகித வட்டத்துக்கு,
நவம்பரில மானுக்கு.
ரெண்டு பாத்து வச்சிருக்கிறன்.
ஒண்டு நூற்றெண்பது டொலர், மற்றது ஆயிரத்து நூறு.
எதை வாங்க?"

ஆஸ்பத்திரி வீதியில்
ஒரு மருந்துக்கடைக்கும் ஒரு நகை அடகுக்கடைக்கும் இடையில்
பன்னிரண்டு அடி அகலம் என் கடை.
துவக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது
அது எந்தப் பக்கம் திரும்பினால்
எவ்வளவு குனிய வேண்டும் என்பது மட்டும்.
லென்ஸ் தெரியும்.

ஆகவே எழுதினேன்:
ஒன்பது மடங்கு, நாற்பது மில்லிமீற்றர் வாய் போதும்.
நாற்பதை ஒன்பதால் வகு.
பின்பக்கம் வந்துசேரும் வெளிச்சம் நாலரை மில்லிமீற்றர்.
உனக்கு நாற்பத்தெட்டு வயது,
மைம்மலிலும் உன் கண்மணி ஐந்துக்கு மேல் விரிவது சந்தேகம்.
பெரிய வாய்க்குக் கொடுக்கிற காசு
கண்மணிக்கு வெளியே விழுந்து வீணாகும்.
எல்லாப் பரப்பிலும் பூச்சு இருக்கிறதா என்று கேள்.
ஒரு பரப்பில் பூசிவிட்டுப் 'பூச்சுள்ளது' என்று எழுதுவது
எங்கள் தொழிலிலும் உண்டு.
கடை வெளிச்சத்தில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடி.
பொழுதுபடும் நேரம் வாசலுக்குக் கொண்டுபோ,
மொட்டைக் கொப்பொன்றைப் பார்,
ஓரத்தில் ஊதா கசிகிறதா?
குமிழைப் பத்துச் சொடுக்குத் திருப்பு, பத்துத் திரும்பி வா.
குறி பழைய இடத்துக்கு வராவிட்டால்
விலை எதுவானாலும் வேண்டாம்.

நூற்றெண்பது டொலர்
எங்கள் கணக்கில் நாற்பதாயிரம்.
மலிவானது என்று அதற்குப் பெயர்.

பிறகு
அட்டவணையின் கடைசி நிரலை வாசித்தேன்.
கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி: மூன்றரை அங்குலம்.
நாலு விரலும் கொஞ்சமும்.
அதைவிடக் கிட்டப் போனால்
துவக்கு பின்னால் உதைக்கும்போது
கண்ணாடியின் விளிம்பு புருவத்தில் வெட்டும்.
பழகும் நாளில் பலருக்கு நடப்பதாம்.
பிறை வடிவில் தழும்பு நிற்குமாம்.

பிறை வடிவில்.

போன் அணைந்து கறுத்தது. நான் தொடவில்லை.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று, மாசி மாதம்.
லொத்தர் விற்கும் ஒருவர்,
சைக்கிளை வெளியே சாத்திவிட்டு வந்தார்.
சோதனைச் சட்டத்தை மூக்கில் வைக்கக் குனிந்தபோது
வலது புருவத்தில் நகம் பட்டதுபோல் ஒரு வளைவு,
அதில் மட்டும் மயிர் முளைக்கவில்லை.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
"சின்னனில விழுந்தது" என்றார். நான் கேட்கவேயில்லை.

இடது கண்ணை மூடச் சொல்வதற்குள் மூடியிருந்தார்.
மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி,
எழுத்து அட்டையின் கடைசி வரியை வாசித்தார்.
அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் இருக்கிறது,
ஒருவரும் வாசித்ததில்லை.
அதையும் வாசித்தார்.

"தூரத்தில இருக்கிறது எல்லாம் தெரியுது பிள்ளை,
கிட்டத்தான் ஒண்டும் விளங்கேல்லை.
சீட்டு இலக்கம் மாறிச் சொல்லிப்போடுறன்."
கடையிலேயே மலிவான சட்டத்தைக் காட்டச் சொன்னார்.
இரண்டு தவணையில் காசு தந்தார்.

இன்று வரை அதை விழுந்த காயம் என்றே வைத்திருந்தேன்.
விழுந்ததாகவும் இருக்கலாம்.

பிரணவரூபனுக்கு அனுப்பினேன்:
நூற்றெண்பதையே வாங்கு.
கண்ணை நாலு விரல் தள்ளி வை. மறவாதே.
ஒரு கட்டைவிரலும் ஒரு மானும் பதிலாக வந்தன.

கடை பூட்டுமுன் பழைய அட்டைப் பெட்டியை இறக்கினேன்.
கமலரூபன், வயது 41.
தூரம்: தேவையில்லை.
வாசிக்க: ஒன்றேகால்.
விலாசம் எழுதும் இடத்தில் என் கையெழுத்தில் ஒரு கோடு.

இந்த நேரம் பவர் இரண்டைத் தாண்டியிருக்கும்.
மாற்ற வரவில்லை.