பனித்தளம் எப்படி இருந்தது

தாளில் ஒன்பது கேள்விகள்.
கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள்
என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும்.
ஒருநாளும் இல்லை என்றால் சுழியம்,
அநேகமாகத் தினமும் என்றால் மூன்று.
கூட்டிப் பத்து வந்தால்
மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதலாம்.

தைஸ்தோ ஹல்மே, ஐம்பத்தெட்டு வயது.
ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை
சவுனாவிலிருந்து வெளியே வந்தவர்
பின்மண்டையில் யாரோ கோடரி இறக்கியதாகச் சொல்லி
ஏரிப் படித்துறையிலேயே சரிந்தார்.
மூளையின் உறைக்கடியில் ரத்தம்.
தொடைவழியே மெல்லிய குழாய் செலுத்தி
புடைத்த நாளத்தை
பிளாட்டினச் சுருள் வைத்து அடைத்தார்கள்.
எழுந்தார், நடந்தார், ரசீதில் கையெழுத்தும் போட்டார்.
அதிர்ஷ்டம் என்றது வார்டு.
நானும் அப்படித்தான் சொன்னேன்.

இப்போது நவம்பர்.
குவோப்பியோவில் மூன்றரைக்கெல்லாம் இருட்டு.
முன்கணிப்புப் பட்டியலில் அவருக்கு ஆபத்து குறைவு.
ஆண். மனைவி உடன் இருக்கிறார்.
முன்பு மனச்சோர்வு வந்ததில்லை. கைகால் விளங்குகிறது.
தொலைபேசியில் கூப்பிட்டேன்.

எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா?
"இல்லை."
மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று?
"இல்லை."
தூக்கம்?
"அதிகம். பாதி நாளுக்கு மேல்."
களைப்பு?
"அதுவும் அப்படித்தான்."

அந்தக் களைப்பு
ரத்தம் வடிந்தபின் தங்கிய வண்டலா,
ஊரே போர்த்திக்கொள்ளும் நவம்பரா,
இல்லை நான் தேடுகிற அதுவேதானா?
பிரித்து எழுதத் தாளில் கட்டமில்லை.

மிச்ச ஐந்துக்கும் இல்லை, இல்லை.
கூட்டினேன். நான்கு.
பேனாவை மூடப் போனேன்.

என்னவோ உறுத்தியது.
நாங்கள் சாவோக்காரர்கள்.
நேராகப் பதில் சொல்லும் பழக்கம்
எங்கள் ரத்தத்திலேயே கிடையாது.
பசிக்கிறதா என்றால்
"பசித்தாலும் பசிக்கலாம், கேட்டவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்போம்.
இந்த மனிதர் ஒன்பது கேள்விக்கும்
வரி அலுவலகத்தில் நிற்பவர்போல்
ஒன்பது நேரான பதில் தந்திருக்கிறார்.

"நேற்று ஹாக்கி பார்த்தீர்களா?"
இது தாளில் இல்லை.
"பார்த்தேன்."
"பனித்தளம் எப்படி இருந்தது?"

முப்பத்தொரு வருடம்
அரங்கத்தின் பனிவண்டியை ஓட்டியவர்.
ஆட்ட இடைவேளைகளில்
வெந்நீர் ஊற்றிக் கண்ணாடி செய்தவர்.
எந்த அணி ஜெயித்தது என்பது இவருக்குத் தெரியாது,
எந்த மூலையில் வண்டி திரும்பத் தவறியது என்பது தெரியும்
என்று மனைவி ஓர்வொக்கி வார்டில் சொல்லிச் சிரித்ததுண்டு.
ஓட்டுநர் உரிமத்தை வசந்தம்வரை
நாங்கள்தான் நிறுத்திவைத்திருக்கிறோம்.

கம்பியின் மறுமுனையில்
குளிர்பெட்டியின் முனகல் கேட்டது.
பிறகு, "கவனிக்கவில்லை" என்றார்.

அதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது?
நான்கு நான்காகவே இருந்தது.
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
பனியைப் பார்க்கவில்லை என்று எழுதினேன்.
மருத்துவர் படித்துவிட்டு
வானிலைக் குறிப்பா என்று கேட்பார், கேட்கட்டும்.

"வியாழக்கிழமை நேரில் வரட்டுமா?"
"வரலாம். வராமலும் இருக்கலாம்."

முதல் கோணல் பதில்.
ஊர்ப்பேச்சு திரும்பிவிட்டதென்று
ஒரு நொடி மகிழ்ந்தேன்.
அப்புறம் தோன்றியது,
யார் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்பவரும்
இதே சொற்களைத்தான் சொல்வார்.

வியாழன், பத்து மணி
என்று குறித்துவைத்தேன்.