கோப்பை எண் முப்பத்தேழு

மழை விட்ட விடியலில் வுலாதியானா
மண்ணில் புதைத்த கோப்பைகளைத் தோண்டி எடுக்கிறாள்.
காட்டுக்குள் முப்பது. வெளியே, புல்வெளியில், பத்து.

காட்டுக் கோப்பைகளில்
லெமூர் புழுக்கைக்கு வந்து விழுந்தவை:
குன்றிமணி அளவு, எள்ளளவு,
இருட்டினால் மட்டும் பறப்பது,
கீழே இறங்காமல் கிளையிலேயே காத்துக்கிடப்பது.
ஒன்றின் பந்தியில் இன்னொன்று உட்காராமல்
கோடிக்கணக்கான வருஷங்களில்
பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள்.
மடகாஸ்கரில் முதலில் கரையேறிய வண்டுக்கு
எதிர் இலையில் யாரும் இல்லை.
அவ்வளவுதான் நடந்தது.

பிறகு கடல் தாண்டித் திமில்மாடுகளோடு மனிதர் வந்தார்கள்;
வண்டுகளின் கணக்கில் அது நேற்று சாயங்காலம்.
குளம்படிக்குப் பின்னால் குளம்படிக்குப் பின்னால்
சுடச்சுட, யாரும் தொடாத சாணி.
கூடவே வெயில்.
பெரும்பாலானவை காட்டு விளிம்பைத் தாண்டவில்லை.
நாலைந்து இனம் இறங்கிப் போயிற்று.

எனக்குத் தமிழில்
மாட்டுக்குச் சாணி, யானைக்கு லத்தி,
பறவைக்கு எச்சம்.
லெமூருக்கு ஒன்றும் இல்லாமல்
ஆட்டின் புழுக்கையைக் கைமாற்றாக வாங்கினேன்.
இறங்கிப் போனவையும்
இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

ஒரு கோப்பையை மஹெஃபாவின் மாடு மிதித்திருக்கிறது.
"சாணி எண்ணவா சம்பளம்?" என்கிறான்,
கோலை ஊன்றிச் சிரித்தபடி.
"என் மாட்டுக்கு அதில் பங்கு?"

அவள் குனிந்தே இருக்கிறாள்.
நசுங்கிய பிளாஸ்டிக்குக்குக் கீழே மண் அசைகிறது;
ஈரம் சொட்டும் பச்சை முதுகு ஒன்று
முட்டி முட்டி மேலே வருகிறது.

நோட்டில் எழுதுகிறாள்:
முப்பத்தேழு. கோப்பை இல்லை.
வண்டு, ஒன்று.