முதல் கோடு

புதுவயல் ஆலையில் இருபத்திரண்டு வருஷம்.
நெல்லில் ஒன்றை எடுத்துக் கடித்தால்
ஈரம் எத்தனை சதம் என்று சொல்லிவிடுவேன்.
மெஷின் பிற்பாடு வந்து ஆமாம் போடும்.
சேவுகன் பல்லுக்குத் தப்பி
ஒரு மூட்டை உள்ளே வராது என்பார் முதலாளி,
லாரிக்காரர்கள் காதில் விழும்படி.

அந்தச் சேவுகன்தான்
புதன்கிழமை ராத்திரி அடுப்பின் முன்னால்
ஓர் உழக்கு அரிசியோடு நின்றேன்
இதற்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல்.

வள்ளிக்கண்ணு ஈப்போவில் இருக்கிறாள்.
ஒரு வீட்டில் எட்டுப் பேருக்குச் சமையல்,
இரண்டு வருஷ ஒப்பந்தம்.
கிளம்பிய அன்றைக்கு அஞ்சறைப்பெட்டியைத் திறந்து
இது சோம்பு, இது சீரகம் என்றாள்.
நான் அவள் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் கஞ்சி.
மறுநாள் கரி.
வெள்ளிக்கிழமை
மேலே அரிசி, நடுவே சோறு, அடியில் கரி.
சனிக்கிழமை பரோட்டாக் கடை.

ஞாயிறு ராத்திரி போன் போட்டேன்.
அங்கே மணி பத்தரை. வீட்டுக்காரர்கள் தூங்கியிருப்பார்கள்போல,
குரலைத் தணித்துப் பேசினாள்.
"களைஞ்ச தண்ணியக் கொட்டிராதீங்க,
ரெண்டாங் கழுநீர் மண்டிக்கு ஆகும்."
கொட்டிவிட்டிருந்தேன். சொல்லவில்லை.
"அரிசி மேல நடுவிரலை நிறுத்துங்க.
முதல் கோடு வரைக்கும் தண்ணி.
அம்புட்டுத்தான்."

நிறுத்தினேன்.

என் வலது நடுவிரலில் முதல் கோடு கிடையாது.
கோடு இருந்த துண்டு
எலிவேட்டர் பெல்ட்டோடு போய்ப்
பதினோரு வருஷம்.
நகம் முளைக்காத மொட்டை முனை
ஈர அரிசியின் மேல் நின்றது
எதையும் அளக்காமல்.

ஈப்போவிலும் அதே நேரம் ஞாபகம் வந்திருக்கும்.
போனில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்.
பிறகு,
"இடது கை இருக்குல்ல" என்றாள்.

சோத்துப் பாத்திரத்தில் இடது கையா
என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன்.
பதினோரு வருஷமாக
வலது கைக்கு மூட்டை பிடித்துக்கொடுக்கிற கை.
அதன் நடுவிரலில்
கோடு அப்படியே இருந்தது, புதிதுபோல.

நாலு விசில் என்றாள்.
மூன்றாவதோடு ஆலைச் சங்கும் சேர்ந்து ஊத
எண்ணிக்கை தவறியது.
மூக்கைக் கேட்டேன். போதும் என்றது. அணைத்தேன்.

மறுநாள் மண்டி.
அதில் புளி எலுமிச்சை அளவு என்கிறாள்.
எந்த மரத்து எலுமிச்சை?
ஆலையில் கிராம் உண்டு, குவிண்டால் உண்டு.
இங்கே உள்ளதெல்லாம் கொஞ்சம்,
இன்னுங் கொஞ்சம்,
ஐயோ போதும்.
வெண்டைக்காயை நறுக்கிவிட்டுக் கழுவினேன்;
அது குற்றம் என்று பிற்பாடு தெரிந்தது.
பசை நூல் கரண்டியிலிருந்து
கூடம் வரை வந்தது.

ஆனால் சோறு சோறாக இருந்தது.
ஒன்றோடொன்று ஒட்டாமல், விறைத்தும் நிற்காமல்.
போட்டோ எடுத்து அனுப்பினேன்.
நீலக் கோடு விழுந்தும் வெகுநேரம் பதிலில்லை.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள்.
கடைசியில் ஒரு வரி:
"அரிசில கல்லு பாத்தீங்களா?"

நம்ம ஆலை அரிசியில் கல்லா
என்று தட்டி அனுப்பிவிட்டு
அடுத்த கவளத்தை வாயில் வைத்தேன்.

நெல் கடிக்கிற அதே பல்.

நாளைக் காலை முதல் வேலையாக
கல்நீக்கி மெஷின் பக்கம் நிற்கிற
ராக்கப்பனைப் பிடிக்க வேண்டும்.