நாவற்குழிப் பாலத்தில் மூன்றாம் முறை

மீசாலையில் ஒருக்கா, கைதடியில் ஒருக்கா,
இப்ப பாலத்துக்கு நடுவில்.
பத்து நிமிசம் விட்டால் கிளம்பும்,
பிறகு விக்கி விக்கி நிற்கும்
எங்கள் மொறிஸ் மைனர்.
கிளினிக்கில் என் இலக்கம் பதினேழு.

பொனிபஸ் பொனற்றைத் தூக்கிவிட்டுப்
பம்மில் காதை வைக்கிறார்.
"டக்டக்கெண்டு ஓடினால் காத்து இழுக்குது.
தட்டாமல் கிடந்தால் அடைப்பு."
தட்டவில்லை.
காபரேற்றர்க் கிண்ணம் காய்ந்து கிடக்கிறது.
வடியைக் கழற்றி வெயிலுக்குப் பிடிக்கிறார்:
ஒரு தூசியில்லை.
குழாயை உறிஞ்சி, துப்பி,
காறி, இன்னும் துப்பி,
என்னிடம் தண்ணிப் போத்தல் கேட்கிறார்.

"உண்மையா எண்ணெய் இருக்கோ?" என்றேன்.

கோபம் வந்துவிட்டது.
"முள்ளு அரைக்கு மேல நிக்குது, பாரும்!"
என்றாலும் ஓர் ஈர்க்கோடு பின்னால் போகிறார்
எனக்குக் காட்டித் தர.
மூடியைத் திருகினார்.
ஸ்ஸ்ஸ்ஸ்.
முன்னால், யாரும் தொடாமலே,
டக். டக். டக்டக்டக்.

மூடியைப் புரட்டிப் பார்த்தவர்
அப்படியே நிற்கிறார்.
ஊசித் துளை நிறைய மஞ்சள் சவர்க்காரம்,
அதில் அவருடைய பெருவிரல் ரேகை.

போன மாதம் நான்தான் சொன்னேன்,
பெற்றோல் மணம் வயிற்றைப் பிரட்டுது என்று.
அடுத்த நாளே மணம் குறைந்தது.
ஏனென்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

சேலை ஊசியைக் கழற்றிக் கொடுத்தேன்.
குந்தியிருந்து கிண்டி எடுத்தார்.

அரியாலை தாண்டும்வரை
தலையை யன்னலுக்கு வெளியே வைத்திருந்தேன்.
நல்ல மணம்.
இலக்கம் இருபதும் போயிருக்கும்.