ஓட்டைக்கு ஒரு மூடி

எப்.சி.க்கு இன்னும் பதினொரு நாள்.
சீலநாயக்கன்பட்டி பைபாஸ் ஓரம்
சிக்கந்தர் பட்டறையில்
சீட்டைக் கழற்றி வெளியே வைத்தோம்.
பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி
அது சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

மேட்டை உரித்தான்.
அடியில் தார், தாருக்கடியில் சாக்கு,
சாக்குக்கடியில்
ரிவிட் அடித்த ஒரு கடைப் பலகை.
நீல எழுத்து, இன்னும் பளிச்சென்று:
விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.

மூன்று வருஷம் அதன்மேல் கால் வைத்துத்தான்
கிளட்ச் மிதித்திருக்கிறேன்.
வண்டியை விற்ற ஓமலூர்க்காரரை
ஏமாற்றுக்காரர் என்று இனிச் சொல்ல முடியாது.
எழுதியே கொடுத்திருக்கிறார்.

சிக்கந்தர் சிரிக்கவில்லை.
சுத்தியலின் உருண்டை முனையால்
தட்டிக்கொண்டே போனான்.
ணங். ணங். ணங்.
பொத்.
பொத்தென்ற இடத்திலெல்லாம் சாக்பீஸ் கோடு.
கோடு பெடலுக்கடியில் புறப்பட்டு
கதவுப் படிவரை போய்
என் பர்ஸைக் கேட்காமலே
பக்கத்து சீட்டுக்கும் திரும்பியது.

"கீழருந்து தின்னலண்ணே. மேலருந்து."
முன்கண்ணாடி ரப்பர் இடுக்கில்
விரலை விட்டுக் காட்டினான்.
ஏற்காட்டு மழை அந்த வழியாக வந்து
மேட்டுக்கடியில் குடியிருந்திருக்கிறது, வாடகையில்லாமல்.
நான் ஞாயிறுதோறும்
மட்கார்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

பேட்டரி ஒயரைப் பிடுங்கி
டீசல் குழாய்மேல் ஈரச்சாக்கு போட்டு
கிரைண்டரை வைத்தான்.
அறுத்து முடித்தபோது
டிரைவர் கால் வைக்கும் இடத்தில்
ஒரு கோழி நடந்து போனது.

அட்டைப்பெட்டியில் அளவெடுத்தான்.
செவ்வாப்பேட்டைத் தகடு, பதினெட்டு கேஜ்.
இங்கே ஒரு பொட்டு வெல்டிங்,
அங்கே ஒரு பொட்டு,
நடுவில் டீ.
ஒரே மூச்சில் ஓட்டினால்
தகடு முறுக்கிக்கொள்ளுமாம்.

பிரேக் பெடலுக்கு வலப்பக்கம்
நாலணா அகலத்தில் பழைய ஓட்டை ஒன்று இருந்தது.
அதைப் பற்றி அவனிடம் சொல்ல நினைத்து
சொல்லாமல் விட்டேன்.
ஓட்டையை யார் வேண்டிக் கேட்பார்கள்?

ஏழாம் நாள், ஒன்றரை டன் சௌசௌ.
இருபதாம் வளைவிலிருந்து இறங்குகிறேன்.
கேபினுக்குள் தூசியில்லை, பனியில்லை,
யாரோ வேறொருவர் வண்டி மாதிரி இருந்தது.
பதினாலில் லேசாக ஒரு சந்தேகம்.
பன்னிரண்டில் நிறுத்திவிட்டேன்.
லோடுமேன் சடையன் பின்சக்கர டிரம் பக்கம்
கையைக் கொண்டுபோய்
வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

லைனிங் கருகினால்
எனக்கு முதலில் சொல்வது அந்த ஓட்டைதான்.
மீட்டருக்குத் தெரியாது,
கண்ணாடிக்குத் தெரியாது.
குரங்குகள் சௌசௌவை எண்ணிக்கொண்டிருக்க
முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம்.

திரும்பப் போய்ச் சொன்னேன்.
சிக்கந்தர் இப்போதுதான் சிரித்தான்.
அந்தப் பலகை
அவன் பட்டறைச் சுவரில் தொங்கியது.
மேட்டைத் தூக்கினான்.
அதே இடத்துக்கு ஒரு சாண் தள்ளி
கறுப்பு ரப்பர் மூடி ஒன்று.
"தண்ணி வடிய எல்லாத் தளத்துக்கும்
ஒரு ஓட்டை வெக்கணும்ணே.
நீங்க பாக்கல."

மேட்டில் ஒரு வட்டம் வெட்டிக் கொடுத்தான்.
காசு வாங்கவில்லை.
ஏறும்போது மூடி,
இறங்கும்போது செருப்பைக் கழற்றி
கட்டைவிரலால் ஒரு நெம்பு.
காலடியில் தார்ச்சாலை ஓடுகிறது.
மலைக்காற்று வருகிறது.
கருகல் இல்லை.

பதினோராம் நாள் ஆய்வாளர்
கேபினுக்குள் ஏறி
பூட்ஸால் ஓங்கி ஒரு மிதி.
ணங்.

மூடி போட்டிருந்தேன்.